பாட்டியின் குரல் பள்ளிக்கூடத்துக்கு வந்தது!

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாய் என்ன நினைக்கிறாள்?

"என் பிள்ளை நாலு எழுத்துப் படிக்கும். நல்லது கெட்டது தெரிந்துகொள்ளும். மாலையில் வீட்டுக்கு வந்து, படித்ததை எல்லாம் எனக்குச் சொல்லும்" என்று நினைக்கிறாள்.

கனடா தேசத்தில், இப்படி நினைக்க முடியாத தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் மாலையில் திரும்பவில்லை. மாதக்கணக்கில் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது, தாய் பேசியது பிள்ளைக்குப் புரியவில்லை. பிள்ளை பேசியது தாய்க்குப் புரியவில்லை. சில பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை.

அதே கனடாவில், இன்று சில பள்ளிக்கூடங்களில் வேறொரு காட்சியைப் பார்க்கலாம். வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒரு மீனின் படம் தெரிகிறது. ஒரு சிறுமி படத்தைத் தொடுகிறாள். உடனே ஒரு மூதாட்டியின் குரல், அந்த மீனின் பெயரைச் சொல்கிறது. இங்கிலீஷில் அல்ல, அந்தச் சிறுமியின் முன்னோர் பேசிய மொழியில். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

மொழியைப் பறித்தது பள்ளிக்கூடம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் பள்ளிக்கூடம்தான். இந்தப் பெரிய வேலையில் கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? எந்த இடத்தில் அவை நின்றுவிடும்? பிள்ளை பெற்றவர்களும் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

யார் இவர்கள்?

கனடா, வட அமெரிக்காவில் இருக்கிறது. பரப்பளவில் உலகத்திலேயே இரண்டாவது பெரிய நாடு. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே மக்கள் வாழ்ந்து வந்தார்கள்.

பழைய புத்தகங்கள் அவர்களைச் "செவ்விந்தியர்" என்று எழுதின. இந்தியாவுக்கு வந்துவிட்டதாகக் கொலம்பஸ் நினைத்ததால் வந்த பெயர் அது. தவறான பெயர். அதை அந்த மக்கள் விரும்புவதில்லை. கனடாவின் பூர்வகுடிகள் இன்று மூன்று பெரும் பிரிவுகளாக அழைக்கப்படுகிறார்கள்: முதல் குடிகள், இனுயிட்டுகள், மெட்டிகள்.

கனடாவில் 70க்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் இருக்கின்றன. மேற்குக் கடற்கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் 30க்கும் மேல். அவற்றில் பல, தமிழும் இந்தியும்போல ஒன்றுக்கொன்று வேறுபட்டவை.

இந்த மொழிகளைக் காலம் காலமாகக் காப்பாற்றி வந்தது ஏடும் எழுத்தாணியும் அல்ல. பாட்டி சொன்னாள், பேரன் கேட்டான். அவன் தாத்தா ஆனதும் தன் பேரனுக்குச் சொன்னான். எந்த ஆற்றில் எந்த மாதம் மீன் வரும், எந்த மரப்பட்டை எந்த நோய்க்கு மருந்து, எந்த மலை எப்படிப் பெயர் பெற்றது என்பதெல்லாம் வாய்மொழியாகவே வந்தது.

சங்கிலி போல வந்த இந்த அறிவுக்கு, ஒரே ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். பிறகு ஒட்டவைப்பது கடினம். அந்தக் கண்ணியைத்தான் அறுத்தார்கள்.

ஆரஞ்சு நிறச் சட்டை

1880களில் கனடா சர்க்கார் ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தொலைவில் உள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்ப்பது என்பது திட்டம். பணம் சர்க்காருடையது. பள்ளிகளை நடத்தியவை கிறிஸ்தவ சபைகள். 1920ல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளைக் கட்டாயமாகக் கொண்டுபோகும் அதிகாரத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் தலைமுடி வெட்டப்பட்டது. வீட்டிலிருந்து உடுத்தி வந்த துணி பறிக்கப்பட்டது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் இருந்தாலும் பேசிக்கொள்ள முடியாத நிலை.

பில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற பெண்மணி தமது கதையை நாட்டுக்குச் சொல்லி இருக்கிறார். 1973ல் அவருக்கு வயது 6. பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். முதல் நாள் பள்ளிக்கூடம் போவதற்காகப் பாட்டி அவரைக் கடைக்கு அழைத்துப்போய்ப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பளபளக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. சிறுமிக்கு ஒரே மகிழ்ச்சி.

பள்ளிக்குப் போனதும் அந்தச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அவர் அதை மறுபடி உடுத்தவே இல்லை.

2013ல் அவர் இந்தக் கதையைப் பொதுவில் சொன்னார். அந்த ஆண்டு முதல் செப்டம்பர் 30ந் தேதி "ஆரஞ்சுச் சட்டை நாள்" ஆயிற்று. 2021 முதல் அந்த நாள் நாடு முழுவதற்கும் நினைவு நாள். அன்று கனடாப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆரஞ்சு நிறச் சட்டை அணிகிறார்கள். அந்த நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இது தெரிய வேண்டிய சரித்திரம்.

விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர். அங்கேயே இறந்துபோனவர்களாக இதுவரை பதிவாகி இருக்கிறவர்கள் 4,100க்கும் மேல். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். எப்போதோ நடந்த ராஜா காலத்துக் கதை அல்ல இது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

மன்னிப்பும் கடமையும்

2008ம் ஆண்டு ஜூன் மாதம் 11ந் தேதி, பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் பார்லிமெண்டில் எழுந்து, கனடா சர்க்காரின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நடந்ததை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. அது நாடெங்கும் போய், ஆயிரக்கணக்கானவர்களிடம் வாக்குமூலம் கேட்டது. 2015ல், செய்ய வேண்டிய காரியங்கள் என்று 94 யோசனைகளைச் சொன்னது. இந்தச் சரித்திரத்தை எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2019ல் பூர்வகுடி மொழிகளுக்கென்று கனடா பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றியது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், 2023 கல்வி ஆண்டு முதல், பூர்வகுடி மக்களைப் பற்றிய பாடம் ஒன்றைப் படித்தால்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடைக்கும் என்று விதி வந்தது.

சட்டம் வந்துவிட்டது. பாடமும் வந்துவிட்டது. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? சொற்கள் எங்கே? அந்த மொழி பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஊருக்கு ஒருவர், இருவர். அவர்களை எல்லா வகுப்புக்கும் அழைத்துப்போக முடியுமா? இந்த இடத்தில்தான் இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. அதற்கு வழி காட்டியவர் மந்திரியும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஒருவர்.

30 டாலர் டைப்ரைட்டர்

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வான்கூவர் தீவு என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் தென்கோடியில் கடலோரமாக வாழ்கிறவர்கள் சானிச் மக்கள். கடலும் மீனும்தான் அவர்கள் வாழ்வு. "உப்புநீர் மக்கள்" என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். தமிழில் சொன்னால் நெய்தல் நில மக்கள். அவர்கள் மொழியின் பெயர் சென்சாதன்.

அந்த இனத்தில் பிறந்தவர் டேவ் எலியட். மீன் பிடித்து வாழ்ந்தவர். பிறகு, தம் இனத்துப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் கட்டிடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார்.

தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். தாய்மொழி பேசியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். "எழுத்தில் எழுதி வைக்காவிட்டால் இந்த மொழி போய்விடும்" என்பது அவருக்கு விளங்கியது.

ஆனால் இங்கிலீஷ் எழுத்தால் அந்த மொழியை எழுத முடியவில்லை. தமிழின் "ழ" இங்கிலீஷில் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். சென்சாதன் மொழியில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலிகளும், மூச்சை நிறுத்தி வெடிக்கும் ஒலிகளும் பல உண்டு. மொழி அறிஞர்கள் வைத்திருந்த குறிகளோ, பிள்ளைகளுக்குச் சுலபமாக வராதவை.

1978ல் டேவ் எலியட் 30 டாலர் கொடுத்து ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கினார். அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு புதிய எழுத்து வரிசையை உண்டாக்கினார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டால் ஓர் ஒலி. குறுக்கே ஒரு கோடு அடித்தால் வேறோர் ஒலி. பெரும்பாலும் எல்லாமே இங்கிலீஷின் பெரிய எழுத்துக்கள். டைப்ரைட்டர் இருந்தால் போதும், யாரும் எழுதலாம்.

1984ல் சானிச் மக்களின் பள்ளி வாரியம் அந்த எழுத்தை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு டேவ் எலியட் காலமானார்.

துடைப்பம் பிடித்த கை, ஒரு மொழிக்கு எழுத்துக் கொடுத்தது!

கம்ப்யூட்டரில் ஒரு களஞ்சியம்

டேவ் எலியட்டின் மகன் ஜான் எலியட். அவர் அதே மக்களின் பள்ளியில் மொழி ஆசிரியர் ஆனார். கம்ப்யூட்டர் காலம் வந்தபோது ஒரு புதிய தொல்லையும் வந்தது. டைப்ரைட்டரில் வந்த எழுத்து கம்ப்யூட்டரில் வரவில்லை. கோடு போட்ட எழுத்துக்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

ஜான் எலியட்டும், உடன் வேலை பார்த்த பீட்டர் பிராண்ட் என்ற ஆசிரியரும் சும்மா இருக்கவில்லை. சொற்களை முதியவர்களின் குரலில் பதிவு செய்து, படத்தோடு கம்ப்யூட்டரில் சேர்க்கும் முறையை உண்டாக்கினார்கள். 1990ல் மாகாணச் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட "முதல் மக்கள் பண்பாட்டு மன்றம்" அதை எடுத்து நடத்தியது. 2003ல் "பர்ஸ்ட்வாய்ஸஸ்" என்ற பெயரில் அது இண்டர்நெட்டில் வெளிவந்தது. "முதற் குரல்கள்" என்று பொருள்.

அதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. சொல், அதன் பொருள், ஒலி, படம், பாட்டு, கதை எல்லாம் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. செல்போனில் பூர்வகுடி எழுத்துக்களை அடிப்பதற்கான விசைப்பலகைகளையும் 2016ல் கொண்டுவந்தார்கள். 100க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது உதவுகிறது. தாத்தாவின் மொழியில் பேரன் செல்போனில் செய்தி அனுப்பலாம்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

கரும்பலகையில் 20 சொல்லை எழுதிப்போட்டு, "மனப்பாடம் செய்" என்றால் எந்தப் பிள்ளைக்கும் தூக்கம்தான் வரும். அதே சொற்களை வேறு விதமாகவும் கொடுக்கலாம்.

பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப்போகலாம். அவர்களே செடி கொடிகளைப் படம் எடுக்கட்டும். ஊர்ப் பாட்டி ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லட்டும். அதைப் பதிவு செய்து, படத்தோடு சேர்த்தால் வகுப்பின் சொந்த அகராதி தயார். தானே எடுத்த படத்தின் பெயரைப் பிள்ளை லேசில் மறக்காது.

தன் குரலைப் பதிவு செய்து, பாட்டியின் குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தவறாகச் சொன்னாலும் பத்துப் பேர் சிரிக்க மாட்டார்கள். கூச்சம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய உதவி.

தேசப்படத்தைத் திறந்து, இங்கிலீஷ் பெயர்களுக்குப் பதிலாகப் பழைய பெயர்களை எழுதலாம். அப்போது ஒவ்வொரு மலையும் ஒரு கதை சொல்லும்.

சானிச் மக்களிடம் அப்படி ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் பெருவெள்ளம் வந்தது. மக்கள் படகுகளில் ஏறினார்கள். தேவதாரு மரப்பட்டையால் திரித்த கயிற்றைக்கொண்டு, மலை உச்சியில் இருந்த அர்பூட்டஸ் மரத்தில் படகைக் கட்டி உயிர் பிழைத்தார்கள். அந்த மலைக்குத் "தஞ்சம் தந்த இடம்" என்று பெயர் ஏற்பட்டது. உயிர் காத்த மரம் என்பதால் அந்த மரத்தை அவர்கள் விறகாக எரிப்பதில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்கும் அந்த மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பெயர். அதற்குள் சரித்திரம் இருக்கிறது, பூகோளம் இருக்கிறது, மரத்தை மதிக்கும் பண்பும் இருக்கிறது.

விளையாட்டுக்குள் பாட்டி கதை

பிள்ளைகள் கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே பொழுதைப் போக்குகிறார்கள் என்று குறை சொல்லாத வீடு இல்லை. அலாஸ்காவில் வாழும் இனுப்பியாக் மக்கள் அந்த விளையாட்டையே தங்கள் கதைக்கு வாகனம் ஆக்கிக்கொண்டார்கள்.

அலாஸ்கா, அமெரிக்காவின் வடகோடி. பனி சூழ்ந்த பிரதேசம். அங்குள்ள பூர்வகுடிச் சங்கம் ஒன்று, விளையாட்டுத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து 2014ல் "நெவர் அலோன்" என்ற விளையாட்டை வெளியிட்டது. "ஒருபோதும் தனியாக இல்லை" என்று பொருள். நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும், ஓயாத பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். கதை சொல்லும் குரல் இனுப்பியாக் மொழியில் கேட்கும். இடையிடையே, பனியில் வாழ்வது எப்படி என்று ஊர்ப் பெரியவர்கள் பேசும் சிறு படங்கள் வரும்.

ராபர்ட் கிளீவ்லண்ட் என்ற பழைய கதைசொல்லி சொன்ன கதையை ஆதாரமாகக்கொண்டது இந்த விளையாட்டு. அவருடைய மகளிடம் போய் அனுமதி பெற்ற பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். சுமார் 40 பெரியவர்களும் கதைசொல்லிகளும் இதில் பங்கெடுத்தார்கள்.

கனடாவிலும் இது போன்ற முயற்சி நடந்தது. வின்னிபெக் நகரத்துப் பள்ளி வட்டாரம் ஒன்று, பூர்வகுடிப் பெரியவர்களைக் கலந்துகொண்டு, "மைன்கிராப்ட்" என்ற விளையாட்டில் ஓர் உலகத்தை உண்டாக்கியது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பு அந்த மண்ணில் வாழ்ந்த அனிஷினாபே மக்களின் வாழ்க்கையைப் பிள்ளைகள் அதற்குள் நடந்து பார்க்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் பேசலாம். சொற்களைக் கற்கலாம்.

விளையாட்டு நல்லதா, கெட்டதா என்பதை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும். கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகு அந்தச் சொல் பிள்ளையின் வாயில் நிற்கிறதா? நின்றால் அது பாடம். நிற்காவிட்டால் பொழுதுபோக்கு.

சாவி யார் கையில்?

இண்டர்நெட்டில் ஒன்றைப் போட்டால் உலகமே பார்க்கும். அது நன்மை. அதுவே அபாயமும் ஆகும்.

எல்லாக் கதையும் எல்லோருக்கும் உரியது அல்ல. சில பாட்டுக்கள் ஒரு குடும்பத்துக்கே சொந்தம். சில சடங்குகளைக் குறிப்பிட்ட காலத்தில் மட்டும்தான் சொல்லலாம். கோவில் கருவறையை யாரும் படம் எடுப்பதில்லை அல்லவா? அது போன்ற கட்டுப்பாடுதான்.

இதனால், பர்ஸ்ட்வாய்ஸஸ் களஞ்சியத்தின் சாவி அந்தந்தச் சமூகத்தின் கையிலேயே இருக்கிறது. இந்தச் சொல்லை உலகம் பார்க்கலாம், இந்தப் பாட்டை ஊரார் மட்டும் கேட்கலாம் என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இன்னும் உறுதியாக நின்றார்கள். அந்த நாட்டின் வடகோடியில், "டே ஹிக்கு" என்ற மாவோரி வானொலி நிலையம் இருக்கிறது. மாவோரிப் பேச்சைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்வதற்காக, மக்களிடம் குரல் பதிவு கேட்டது. 2018ல், 10 நாட்களில் சுமார் 2,500 பேர் தங்கள் குரலைக் கொடுத்தார்கள். 300 மணி நேரத்துக்கும் மேல் பதிவு சேர்ந்தது.

பெரிய கம்பெனிகளுக்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் நிலையத்தார் அதைக் கைவிட்டுக் கொடுக்கவில்லை. "நாங்கள் சொந்தக்காரர்கள்கூட அல்ல, காவலர்கள்தான். மக்களுக்கு நன்மை தரும் காரியத்துக்கே இதைப் பயன்படுத்துவோம்" என்பது அவர்கள் கொள்கை. தங்கள் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். குரலையும் இழக்க அவர்கள் தயாராக இல்லை. இது நியாயமான பிடிவாதம்.

எங்கோ ஒரு வகுப்பில் ஆசிரியர் நல்ல எண்ணத்தோடு ஒரு பூர்வகுடிப் பாட்டை எடுத்துப் பிள்ளைகளை ஆடச் செய்யலாம். கேட்காமல் எடுத்தால் அதுவும் தவறுதான். சட்டையைப் பறித்தவர்களும் கேட்காமல்தான் பறித்தார்கள்.

கம்ப்யூட்டர் பாட்டி ஆகுமா?

ஆகாது.

கம்ப்யூட்டர் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். களைக்காது. ஆனால் பிள்ளை தப்பாகச் சொன்னால் கன்னத்தைத் தட்டிச் சிரிக்காது. "நீ உன் தாத்தா மாதிரியே பேசுகிறாய்" என்று சொல்லாது.

சில அறிவு கையில்தான் இருக்கிறது. சானிச் மக்கள் கடலில் வலை கட்டி மீன் பிடிக்கும் தனி முறை ஒன்றை வைத்திருந்தார்கள். 1916ல் அதற்குத் தடை வந்தது. தொழில் நின்றதும், அந்தத் தொழிலின் சொற்களும் வாயிலிருந்து விலகின. 2014ல் அவர்கள் மறுபடி அந்த வலையைக் கடலில் இறக்கினார்கள். வலையின் பெயரைக் கம்ப்யூட்டரில் படிக்கலாம். அதன் கனத்தைக் கடலில்தான் உணர முடியும்.

வசதிக் குறைவும் இருக்கிறது. கனடாவின் வடக்கே உள்ள பல கிராமங்களுக்கு வேகமான இண்டர்நெட் சரியாகப் போய்ச் சேரவில்லை. எந்த ஊரில் மொழி இன்னும் உயிரோடு இருக்கிறதோ, அந்த ஊரிலேயே இந்த வசதி குறைவு என்றால் என்ன பயன்?

இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பூர்வகுடி மொழிகளைச் சரளமாகப் பேசியவர்கள் 2018ல் சுமார் 4,100 பேர். 2022ல் சுமார் 3,400 பேர். நான்கே ஆண்டில் 700 பேர் குறைந்துவிட்டார்கள்.

மொழியைக் கற்கிறவர்கள் 2018ல் சுமார் 14,000 பேர். 2022ல் 17,000க்கும் மேல். நான்கே ஆண்டில் 3,000 பேர் கூடிவிட்டார்கள்.

கற்க வருகிறவர்கள் ஒரு வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். கற்றுக்கொடுப்பவர்கள் இன்னொரு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் சந்திக்கும் நேரம் குறுகியது. அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தரும் கருவிதான் கம்ப்யூட்டர். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு. அந்த உதவியையும் வேண்டாம் என்று தள்ளுவது அதைவிடத் தவறு.

செய்ய வேண்டியது என்ன?

கம்ப்யூட்டர் வாங்குவதற்குச் செலவழிக்கும் பணத்தில், பெரியவர்களுக்கும் பங்கு வேண்டும். வகுப்புக்கு வந்து பேசும் பாட்டிக்கு மாலையும் கைத்தட்டலும் மட்டும் போதாது. அவர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய சம்பளத்தைக் கொடுப்பதுதான் மரியாதை.

பதிவு செய்வதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது. 80 வயதுப் பெரியவரின் நாளை யார் கையிலும் இல்லை.

எதைப் பதிவு செய்தாலும், யாரிடம் காட்டினாலும், அந்த மக்களைக் கேட்டே செய்ய வேண்டும்.

தொலைதூரக் கிராமங்களுக்கு இண்டர்நெட் வசதியைக் கொண்டுசேர்ப்பது சர்க்காரின் கடமை. மொழியைப் பறிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் பணம் செலவழித்த சர்க்கார், அதைத் திருப்பிக் கொடுக்கவும் செலவழிக்கட்டும்.

மற்றப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். பூர்வகுடிச் சிறுவன் தன் மொழியில் வணக்கம் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரச் சிறுவனும் சீனச் சிறுமியும் தமிழ்ச் சிறுமியும் அதே மொழியில் பதில் சொன்னால், அவன் தலை நிமிரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியில் கேட்ட சொல் வீட்டுக்குப் போக வேண்டும். விடுதிப் பள்ளியில் அடிபட்ட பல பெரியவர்கள், தங்கள் பிள்ளைகளுக்காவது அந்தத் துன்பம் வேண்டாம் என்று நினைத்து, தாய்மொழியை வாயை விட்டே ஒதுக்கி வைத்தார்கள். இன்று பேத்தி பள்ளியிலிருந்து வந்து ஒரு சொல்லைச் சொன்னால், அந்த வீட்டில் 50 ஆண்டு மௌனம் கலையக்கூடும். பாட்டி அடுத்த சொல்லைச் சொல்வாள்.

அந்த அடுத்த சொல் கம்ப்யூட்டரில் இல்லை. அது பாட்டியிடம் இருக்கிறது. பேத்தியைப் பாட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வகுப்பே நல்ல வகுப்பு.